உப்புக்கிடங்கு ஒழுங்கைக்கு வந்த விளக்கு

வல்லிபுரம் சபையிடம் விளக்குக் கேட்கவில்லை. இதை அவர் பிற்பாடு பலரிடம், சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது ஒரு கல்.

சோலைமுனை, திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் கடற்படையின் முள்வேலியுமாக நெருக்குப்பட்டுக் கிடந்த சின்னப் பட்டினம். சின்னதென்றாலும் அதற்கென்று ஒரு சபை இருந்தது. சபைக்கு ஒரு கட்டடமும், கட்டடத்துக்கு ஒரு கொடிக்கம்பமும், கூட்டம் தொடங்கும்போது அடிக்க ஒரு சேமக்கலமும் இருந்தன. அந்தப் பட்டினத்தின் ஒரு கோடியில் உப்புக்கிடங்கு ஒழுங்கை என்றொரு ஒடுக்கமான தெரு. அதன் வாயில் மழைத்தண்ணீர் கடலுக்கு ஓடும் வாய்க்கால் ஒன்று குறுக்கிட்டது. வாய்க்காலுக்கு மேலே இரண்டு நீளக் கருங்கற்களைப் பக்கம் பக்கமாகப் போட்டு மதகு செய்திருந்தார்கள். வண்டியின் ஒரு சில்லு ஒரு கல்லிலும் மற்றது மற்றக் கல்லிலும் ஏறிப் போகும்.

யப்பான் யுத்தத்தில் இறங்கிய அந்த மார்கழியில், ஒரு கடற்படை லொறி வழி தவறி ஒழுங்கைக்குள் வந்தது. திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே போனபோது ஒரு கல் பிளந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. லொறியோட்டி, முகத்தில் மீசை அரும்பாத ஒரு வெள்ளைக்காரன், இறங்கிப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி மன்னிப்புப் போல ஏதோ சொல்லிவிட்டுப் போனான். அரசாங்கப் பக்கத்திலிருந்து ஒழுங்கையாருக்குக் கடைசிவரை கிடைத்தது அது ஒன்றுதான்.

கல் போன இடத்தில் இடுப்பளவு ஆழத்துக்கு ஓட்டை. மனிதர்கள் மிஞ்சிய கல்லில் ஒருவர் பின் ஒருவராக நடந்து கடந்தார்கள். ஆனால் ஒழுங்கையில் குடியிருந்த விறகு வியாபாரி முஹம்மது தம்பியின் மாட்டு வண்டி உள்ளேயே அகப்பட்டுக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து தூக்கிக் கடத்தப் பார்த்ததில் அச்சு முறியப் பார்த்தது, விட்டுவிட்டார்கள். அவர் விறகைத் தலையில் சுமந்து கொண்டுபோய் விற்றார். மாடு சும்மா நின்று கொழுத்தது.

வல்லிபுரம் தையல்காரர். கடற்படையாட்களின் காற்சட்டைகளைச் சுருக்கியும் நீட்டியும் கொடுத்துப் பிழைப்பவர். யாரோடும் உரத்துக் கதைத்து அறியாதவர். கலியாணம் முடித்து ஒன்பது வருடம் கழித்து அவருடைய மனைவி புஷ்பவதிக்கு வயிற்றில் தங்கியிருந்தது. தை பிறந்த கையோடு, பொழுதுபடும் நேரத்தில் கோயிலால் திரும்பி வந்த புஷ்பவதி அந்த ஓட்டையில் ஒரு காலை வைத்துவிட்டாள். பின்னால் வந்த வல்லிபுரம் தோளைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. விடிந்ததும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு சபைக்குப் போனார்.

சபையின் செக்கிரட்டரி பாக்கியரத்தினம், வந்தவர் நிமிர்ந்து நிற்கிறாரா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் பேசுவார்.

“என்ன முறைப்பாடு?”

“மதகுக் கல் உடைஞ்சு போச்சு ஐயா. புதுக்கல் ஒண்டு போட்டுத் தர வேணும்.”

“உடைச்சது ஆர்?”

“நேவி லொறி.”

பாக்கியரத்தினம் பேனாவைக் கீழே வைத்தார். “அப்ப இதில ஒரு சிக்கல் இருக்கு. கல் எங்கட. ஆனா ஓட்டை எங்கட இல்லை. ஓட்டை நேவியின்ர. நேவியின்ர ஓட்டையில சபை கை வைக்க ஏலாது. யுத்தகாலம்.”

“அப்ப நேவியிட்டப் போய்க் கேக்கட்டோ ஐயா?”

“தாராளமாக் கேளுங்கோ. ஆனா கல் எங்கட எண்டபடியா அவை தொட ஏலாது.”

வல்லிபுரத்துக்கு இரண்டு நியாயமும் சரியாகவே பட்டன. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

“ஆக்கள் விழுந்தவையோ?” என்று பாக்கியரத்தினம் கேட்டார்.

“ஓம் ஐயா. நாலைஞ்சு பேர். என்ர மனிசியும் விழப் பாத்தவ. பிள்ளைத்தாச்சி.”

“பகலிலயோ, இருட்டினாப் பிறகோ?”

“பகலில கண்ணுக்குத் தெரியுந்தானே. பொழுதுபட்டாப் பிறகுதான்.”

அந்தப் பதிலைச் சொல்லியிருக்கக் கூடாது என்று வல்லிபுரம் பிறகு நெடுங்காலம் வருந்தினார். பாக்கியரத்தினத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

“பாத்தியளே. ஓட்டை பகலிலயும் இருக்கு. பகலில ஒருத்தரும் விழேல்லை. அப்ப பிழை ஓட்டையில இல்லை, இருட்டில. இருட்டு எங்கட எல்லைக்குள்ளதான் கிடக்கு. அதில சபைக்குப் பூரண அதிகாரம் இருக்கு.”

அடுத்த கூட்டத்துக்குச் சாட்சியாக வரும்படி வல்லிபுரத்துக்கு அழைப்பு வந்தது. சபையின் சிப்பந்தி தம்பிராசா சேமக்கலத்தை அடித்தான். தலைவர் சிவகுருநாதன், நீதிமன்றத்தில் வழக்காடி ஓய்வுபெற்ற புரக்டர், கறுத்தக் கோட்டும் தலைப்பாகையுமாக உள்ளே வந்தார். அங்கத்தவர்கள் எழுந்து நின்றார்கள். தலைவர் இருந்தார், எழுந்தார், திரும்ப இருந்தார். அது அங்கே வழக்கம். சாட்சிகளுக்குக் கதிரை கிடையாது என்பதால் வல்லிபுரம் சுவரோடு நின்றார்.

முதலில் போன கூட்டத்தின் அறிக்கையை வாசித்தார்கள். அதில் தலைவர் ஓரிடத்தில் ‘சிரித்தார்’ என்று இருந்தது. தலைவர் சிரிக்கவில்லை, புன்னகைத்தார் என்று ஓர் அங்கத்தவர் திருத்தம் கொண்டுவந்தார். புன்னகை சிரிப்பில் அடங்குமா என்று இன்னொருவர் கேட்டார். மத்தியானம் வரை அது போயிற்று. சாப்பிட்டு வந்த பிறகு, தலைவரையே புன்னகைத்துக் காட்டச் சொல்லி, பார்த்து, வாக்கெடுத்தார்கள்.

பிறகு வல்லிபுரத்தைப் பார்த்து, “ஆட்கள் ஓட்டைக்குள் விழுந்தார்களா, இறங்கினார்களா?” என்று ஒருவர் கேட்டார்.

“விழுந்தவை ஐயா.”

“விரும்பி விழுந்தார்களா?”

வல்லிபுரம் வாய் திறப்பதற்குள் தலைவர் கையை உயர்த்தினார். தலைவர் வீட்டில் எல்லோரையும் போலத்தான் கதைப்பார். சபையில் மட்டும் மேடைத்தமிழ்.

“அங்கத்தவர்களே, இந்தச் சபை தோன்றிய நாள் முதல் ஒரு முறைப்பாட்டையேனும் நாம் நிராகரித்ததில்லை. எல்லாவற்றையும் பரிசீலித்து வருகிறோம். முறையிட்டவர்கள் காலமான பின்னும் அவர்களுடைய முறைப்பாடுகள் நம்மிடம் பத்திரமாகப் பரிசீலனையில் உள்ளன. இன்று இவர் கல் கேட்கிறார். நான் கேட்கிறேன், ஒரு கல்லைப் போட்டால் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? மிதித்துக்கொண்டு போவார்கள். விளக்கு அப்படியன்று. விளக்கை அண்ணாந்து பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்க்கும்போது கம்பத்தில் என் பெயர்… சபையின் பெயர் பொறித்திருக்கும். மக்களுக்குச் சேவை செய்வதென்றால் அவர்கள் பார்க்கிற உயரத்தில் செய்ய வேண்டும்.”

அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தால் ஓட்டைக்குள் விழமாட்டார்களா என்று வல்லிபுரத்துக்குத் தோன்றியது. சாட்சி கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று பாக்கியரத்தினம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். உப்புக்கிடங்கு ஒழுங்கைக்கு ஒரு விளக்கு என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த கிழமை இருட்டடிப்பு உத்தரவு வந்தது. யப்பான் விமானங்கள் எந்நேரமும் வரலாம், பொழுதுபட்ட பின் துறைமுகப் பகுதியில் ஒரு பொட்டு வெளிச்சமும் வெளியே தெரியக்கூடாது என்று படைத் தலைமையகம் அறிவித்தது. வீடுகளில் யன்னல்களுக்குக் கறுப்புச் சீலை கட்டினார்கள். அந்தச் சீலைகளைத் தைத்துக் கொடுத்ததில் வல்லிபுரத்துக்கு நல்ல வேலை. விளக்குக் கதை இதோடு முடிந்தது, இனிக் கல்லைப் பற்றிப் பேசலாம் என்று அவர் நினைத்தார். சந்தோஷமாகவே சபைக்குப் போனார்.

அங்கே விசேட கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஏகமனதாக நிறைவேறிய தீர்மானத்தை ஒரு வருடத்துக்குள் மாற்றச் சபையின் விதிகளில் இடமில்லை. விளக்கு எரிந்தே ஆக வேண்டும். அரசாங்க உத்தரவுப்படி அது எரியவே கூடாது. அங்கத்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். தலைவர் கண்ணை மூடி யோசித்தார். பிறகு கண்ணைத் திறந்தார்.

“இரவில் எரிய வேண்டும் என்று தீர்மானத்தில் எங்கேனும் உள்ளதா?”

பாக்கியரத்தினம் வாசித்துப் பார்த்தார். “இல்லை ஐயா. நாள்தோறும் எண்டுதான் கிடக்கு.”

“அப்படியாயின் பகலில் எரியட்டும்.”

மேசைகளைத் தட்டும் ஓசை வெளியே தெருவரைக்கும் கேட்டது. சுவரோடு நின்ற வல்லிபுரமும், எல்லோரும் தட்டுகிறார்களே என்று, தொடையில் மெல்லத் தட்டினார்.

மாசி நடுவில் கம்பம் வந்தது. சதுரமாகச் செதுக்கிய பாலைமரம். கடற்படை முகாமுக்கென்று வெட்டியதில் மிஞ்சியது என்றார்கள். அதை நடுவதற்கு மதகுக்குப் பக்கத்திலேயே, ஓட்டையிலிருந்து கைநீட்டும் தூரத்தில், சபையின் ஆட்கள் இன்னொரு குழி தோண்டினார்கள். நல்ல ஆழமான, ஒழுங்கான குழி.

“இந்தளவு பாடுபடுறியள், அப்பிடியே அந்த ஓட்டைக்கு மேலயும் ஒரு பலகையைப் போட்டுவிடுங்கோவன்” என்றார் முஹம்மது தம்பி.

“அது வேற இலாகா” என்றார்கள் அவர்கள்.

திறப்பு விழா காலை பத்து மணிக்கு. நாதஸ்வரம் வந்தது, மாலை வந்தது, அங்கத்தவர்கள் குடையோடு வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. தலைவர் ஏணியில் ஏறித் தீக்குச்சியைக் கிழித்து விளக்குக்குள் வைத்தார். பற்றியதா இல்லையா என்று கீழே நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் தம்பிராசா ஏறி, கண்ணாடியில் விரலை வைத்து, விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு, “பத்திட்டுது ஐயா” என்றான். சனங்கள் கைதட்டினார்கள்.

தலைவர் ஏணியின் இரண்டாம் படியில் நின்று பேசினார். “மகாசனங்களே, இரவில் விளக்கெரிப்பது யாராலும் முடியும். இருட்டென்று ஒன்று இருப்பதால் அங்கே விளக்குக்கு ஒரு அவசியம் ஏற்படுகிறது. அவசியத்துக்காகச் செய்வது சேவையாகாது. எந்த அவசியமும் இல்லாத இடத்திலும் செய்வதே நமது சபை. சூரியன் ஒருநாள் தவறினாலும் இந்த விளக்குத் தவறாது.”

அன்றிலிருந்து தம்பிராசா தினமும் விடிய ஆறுக்கு வந்து விளக்கைக் கொளுத்துவான், மாலை ஆறுக்கு வந்து அணைப்பான். பொறுப்பான மனிதன். மழை பெய்தாலும் வருவான். அணைத்த பிறகு, விளக்கு அணைந்துவிட்டது என்று உறுதிப்படுத்த விமானத் தாக்குதல் காவற்காரர் ஒருவர் தலைக்கவசத்தோடு வந்து பார்ப்பார். அவர் திருப்திப்பட்ட பிறகு ஒழுங்கை முழுவதும் இருண்டு கிடக்கும்.

இங்கேதான் எதிர்பாராத ஒரு தொல்லை வந்தது. மண்ணெண்ணெய்க்குப் பங்கீடு. ‘பொது வெளிச்சம் பெற்ற ஒழுங்கை’ என்று பெயர் வந்ததால், அங்குள்ள வீடுகளின் மண்ணெண்ணெயைச் சபை பாதியாகக் குறைத்து, அந்தப் பாதியைத் தெருவிளக்குக்கு விட்டது. மாலையில் புஷ்பவதி குசினியில் தடவித் தடவிச் சமைத்தாள். பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்பு வீடுகளின் கறுப்புச் சீலை இடுக்கால் கசியும் வெளிச்சமாவது மதகுவரை கொஞ்சம் விழும். இப்போது அதுவும் இல்லை. ஓட்டைக்குள் விழுகிறவர்கள் கூடினார்கள்.

ஒருநாள் தம்பிராசாவே, விளக்கை அணைத்துவிட்டு ஏணியைத் தோளில் வைத்துத் திரும்பியவன், நேராக உள்ளே போய்விட்டான். வல்லிபுரமும் முஹம்மது தம்பியும் ஓடிப்போய்த் தூக்கினார்கள். நெற்றியில் ரத்தம்.

“சபையில சொல்லு தம்பிராசா. நீ சொன்னாக் கேப்பினம்” என்றார் வல்லிபுரம்.

தம்பிராசா சொன்னான். சபை உடனடியாகக் கவனம் எடுத்தது. விழுகிறவர்களின் தொகை கூடியிருப்பதால் ஒரு விளக்குப் போதாது, இரண்டாவது விளக்குத் தேவை என்று பாக்கியரத்தினம் குறிப்பு எழுதினார். அதைவிட, முஹம்மது தம்பியின் வண்டி மாதக்கணக்கில் ஒழுங்கைக்குள் அசையாமல் நிற்பது போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அவருக்கு ஓர் எச்சரிக்கையும் வந்தது.

முஹம்மது தம்பி அதை வல்லிபுரத்திடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டு முடித்ததும், “வல்லிபுரம், நீ இனி அங்க போகாத” என்றார். “நீ ஒவ்வொருக்காப் போய் வரக்குள்ளயும் எங்களுக்கு ஒண்டு குறையுது.”

“நான் கல்லுத்தானே கேட்டனான், முஹம்மது நானா” என்றார் வல்லிபுரம்.

பங்குனி கடைசியில் கொழும்பில் குண்டு விழுந்த செய்தி வந்தது. திருகோணமலையில் சனங்கள் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். தலைவர் சந்தியில் கூட்டம் வைத்தார். “யாரும் பதற வேண்டாம். ஊரைவிட்டு ஓடுவது கோழைத்தனம். இந்தப் பட்டினத்தைவிட்டுக் கடைசியாகப் போகிற ஆள் நானாகத்தான் இருப்பேன்” என்றார். அடுத்த நாள் சபைக் கதவில் ஓர் அறிவித்தல் தொங்கியது. தலைவர் கடைசியாகப் போவதற்கு வேண்டிய ஏற்பாடுகளை முன்கூட்டியே கவனிப்பதற்காகச் சபை தற்காலிகமாகக் கந்தளாய்க்கு இடம் மாறியிருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது.

வல்லிபுரமும் புஷ்பவதியைப் பாலையூற்றுக்குக் கொண்டுபோக எண்ணியிருந்தார். அங்கே அவளுடைய தமக்கை கோணேஸ்வரியின் வீடு இருந்தது, பக்கத்து வளவில் மருத்துவிச்சியும் இருந்தாள். வாடகை வண்டி ஒன்றும் அகப்படவில்லை. எல்லாம் பெரிய மனிதர்களின் அலுமாரிகளை ஏற்றிக்கொண்டு கந்தளாய்க்குப் போயிருந்தன. நாளைக்குப் பார்ப்போம் என்று இருந்தார்.

அந்த நாளை காலையிலேயே ஊளையிட்டுக்கொண்டு வந்தது. அபாயச் சங்கு ஓய முதலே வானத்தில் விமானங்கள். துறைமுகப் பக்கம் தரை அதிர்ந்தது. பீரங்கிகள் வெடித்த வெடியில் வல்லிபுரத்தின் தையல் மெஷின் தானாக மேசையில் நகர்ந்தது. புஷ்பவதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சருங்கோ, எனக்கு வயித்துக்குள்ள என்னவோ செய்யுது.”

முஹம்மது தம்பியின் மனைவி றம்லா ஓடிவந்து அவளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். “இது நோவுதான். இன்னும் நேரமிருக்கு. ஆனா இந்தச் சத்தத்துக்குள்ள இவளை இங்க வைச்சிருக்க ஏலாது, நடத்திக் கொண்டுபோகவும் ஏலாது. வண்டியக் கட்டச் சொல்லுங்க.”

“வண்டி எப்பிடி அக்கா மதகு தாண்டும்?”

றம்லா அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

வல்லிபுரம் ஒழுங்கை வாயிலுக்கு ஓடினார். துறைமுகத்திலிருந்து எழும்பிய கரும்புகை சூரியனை மறைத்திருந்தது. காலை வேளை கருக்கல் மாதிரி இருந்தது. அந்த மங்கலில் தெருவிளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நட்ட நாளிலிருந்து அன்றைக்குத்தான் அதன் வெளிச்சத்தை அவர் கண்ணால் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கீழே ஓட்டை மிகத் தெளிவாகத் தெரிந்தது.

அவர் விளக்கைப் பார்த்தார். பிறகு கம்பத்தைப் பார்த்தார். சதுரக் கம்பம். ஒரு வண்டிச் சில்லின் அகலத்துக்கு மேலேயே வரும். வீட்டுக்கு ஓடி இரும்பு அலவாங்கைக் கொண்டுவந்து கம்பத்தின் அடியில் குத்தினார். வாழ்நாளில் அவர் ஒன்றையும் அவ்வளவு பலமாகக் குத்தியதில்லை. முஹம்மது தம்பி மண்வெட்டியோடு வந்தார். இருவரும் மண்ணை வாரி எறிந்தார்கள்.

“அண்ணை, என்ன செய்யிறியள்?”

தம்பிராசா. விளக்கைக் கொளுத்திவிட்டு, சங்கு ஊதியதும் வாய்க்காலுக்குள் படுத்திருந்தவன், இப்போது ஏணியோடு எழும்பி நின்றான்.

“கம்பத்தைப் பிடுங்கிறன்.”

“ஐயோ, அது சபைச் சொத்து. பிடுங்க ஏலாது.”

“புஷ்பவதிக்கு நோக் கண்டிட்டுது தம்பிராசா. வண்டி வெளியில போக வேணும்.” வல்லிபுரம் குத்துவதை நிறுத்தவில்லை. “நீ விலத்து. இல்லாட்டி என்னை அடி. இரண்டில ஒண்டைச் செய்.”

தம்பிராசா துறைமுகத்துப் புகையைப் பார்த்தான், வீட்டுக்குள்ளிருந்து கேட்ட முனகலைக் கேட்டான். நெற்றித் தழும்பைத் தடவினான்.

“கொஞ்சம் பொறுங்கோ. எரியிற விளக்கைப் பிடுங்கினாக் குற்றம். நான் முதல்ல முறைப்படி அணைச்சுத் தாறன். அணைச்சா அது வெறும் மரந்தான்.”

தலைக்கு மேலே விமானங்கள் இரைய, அவன் ஏணியை வைத்து ஏறி, விளக்கை ஊதி அணைத்து, கண்ணாடிக் கூட்டைக் கழற்றிப் பத்திரமாக வேலியோரம் வைத்தான். பிறகு இறங்கி, மூன்றாவது ஆளாகக் கம்பத்தில் தோளைக் கொடுத்தான்.

கம்பம் சரிந்தது. மூவரும் இழுத்து, உருட்டி, ஓட்டைக்கு மேலே நீளவாக்கில் கிடத்தினார்கள். இரு பக்கமும் கரையில் நன்றாக ஊன்றிக் கிடந்தது. ஏதோ அதற்கென்றே செதுக்கியது மாதிரி. முஹம்மது தம்பி மாட்டைக் கட்டினார். சும்மா நின்று கொழுத்திருந்த மாடு, வெடிச்சத்தத்தில் மிரண்டு திமிறியது. றம்லா புஷ்பவதியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்குள் இருந்தாள். முஹம்மது தம்பி மாட்டின் காதுக்குள் என்னவோ ஓதிக்கொண்டு மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடத்தினார். தம்பிராசா குந்தியிருந்து சில்லைப் பார்த்து, “வலம் கொஞ்சம்… போதும்… நேர விடுங்கோ” என்றான். வல்லிபுரம் கண்ணை மூடிக்கொண்டார். மரம் ஒருதரம் முனகியது. கண்ணைத் திறந்தபோது வண்டி பெருந்தெருவில் நின்றது.

அன்று மாலை பாலையூற்றில் பெண்குழந்தை பிறந்தது. அதன் அழுகைச் சத்தத்தைக் கேட்டபோது வல்லிபுரம் வெளியே வேலியைப் பிடித்துக்கொண்டு நின்று தானும் அழுதார். துறைமுகப் பக்கம் வானம் இன்னும் சிவந்திருந்தது. அங்கே எத்தனை பேர் வீடு திரும்பவில்லை என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது.

சித்திரை கழிந்து சனங்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். எல்லோருக்கும் கடைசியில் சபை திரும்பியது. ஒழுங்கையார் வண்டியும் சைக்கிளுமாக மதகில் போய் வந்துகொண்டிருந்தார்கள். பாக்கியரத்தினம் வந்து பார்த்தார். நின்ற கம்பம் படுத்துக் கிடந்தது. விசாரணை வைத்தார்கள்.

வல்லிபுரம் சுவரோடு நின்றார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

“சபையின் விளக்கை அழித்தீர்” என்றார் ஓர் அங்கத்தவர்.

“இல்லை ஐயா” என்று வாசலிலிருந்து தம்பிராசா சொன்னான். “நான் விதிப்படி அணைச்சனான். கூடு என்னட்டப் பத்திரமாக் கிடக்கு.”

தலைவர் தண்டனையை யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், இருட்டடிப்பைப் பரிசோதிக்க வந்த படையதிகாரி ஒருவர் உள்ளே வந்தார். வரும் வழியில் அவர் மதகைக் கடந்திருந்தார். சோலைமுனையில் மட்டும்தான் தெருவிளக்கைக் கம்பத்தோடு சாய்த்து, அதைப் பாலமாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள், இவ்வளவு பூரணமான இருட்டடிப்பை வேறெங்கும் காணவில்லை என்று பாராட்டினார். அது யாருடைய யோசனை என்று கேட்டார்.

வல்லிபுரம் வாயைத் திறந்தார். தலைவர் ஏற்கெனவே எழுந்து நின்றுவிட்டார்.

“நிற்கும் விளக்கு எதிரிக்கு உதவும், படுத்த விளக்கு மக்களுக்கு உதவும் என்பதை இச்சபை ஆரம்பத்திலேயே உணர்ந்திருந்தது. ஆயினும் ஒரு விளக்கைப் படுக்க வைக்க வேண்டுமாயின், முதலில் அதை நிற்க வைத்தல் வேண்டும். அதனாலேயே நிற்க வைத்தோம்.”

அன்றே அந்த மரம் ‘கிடை விளக்குக்கம்பம்’ என்று ஏகமனதாக ஏற்கப்பட்டது. தலைவருடைய பெயர் பொறித்த பக்கம் மேலே வந்து, சில்லுகள் ஏறி ஏறி எழுத்துத் தேயத் தொடங்கியிருந்தது.

கூட்டம் கலைகிற நேரம், தலைவர் நல்ல மனநிலையில் வல்லிபுரத்தின் பக்கம் திரும்பினார். “உங்கள் ஒழுங்கைக்கு வேறு ஏதும் குறை உண்டா? தயங்காமல் சொல்லுங்கள்.”

வல்லிபுரம் வாசல் பக்கம் ஓரடி வைத்தார். “ஒரு குறையும் இல்லை ஐயா.”

“ஒன்றுமே இல்லையா?”

“ஒண்டுமே இல்லை.”

சபை இப்படியொரு பதிலை அதுவரை கேட்டதில்லை. குறையில்லாத ஒழுங்கை ஒன்று இருப்பது சபைக்கே ஒரு குறை என்று ஓர் அங்கத்தவர் எழும்பிச் சொன்னார். காரணத்தைக் கண்டறிய மூவர் கொண்ட உபகுழு நியமனமானது.

அவர்கள் ஒரு வைகாசி வெயிலில் பென்சிலோடு வந்தார்கள். வீடு வீடாகக் கேட்டார்கள். எல்லா வீட்டிலும் ஒரே பதில். முஹம்மது தம்பி, தான் பரம சந்தோஷமாக இருப்பதாகச் சொல்லி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கடைசியாக வல்லிபுரத்தின் வாசலில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டிருந்த புஷ்பவதிக்குப் பக்கத்தில் றம்லா இருந்தாள்.

“எங்களுக்கு ஒண்டும் இல்லை” என்றாள் றம்லா. “ஆனா…”

மூன்று பென்சில்களும் ஒன்றாக நிமிர்ந்தன. வல்லிபுரத்தின் கையிலிருந்த துணி நழுவியது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அயலவர்கள் மூச்சை அடக்கினார்கள்.

“ஆனா நீங்க பாவம், வெயிலுக்குள்ள வந்திருக்கிறீங்க. தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

ஒழுங்கைக் கிணற்றிலிருந்து அள்ளிய தண்ணீரைச் செம்பில் கொடுத்தாள். முதல் அங்கத்தவர் ஒரு மிடறு குடித்தார். குடித்த முகம் கோணியது. மற்ற இருவரும் தங்கள் பங்கை வாயில் வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“தண்ணி சரியான உப்பாக் கிடக்கே” என்றார் முதலாமவர்.

வல்லிபுரம் குனிந்து துணியை எடுத்து ஊசியைக் கோர்த்தார்.

“உப்போ? எங்களுக்கு அப்பிடி ஒண்டும் தெரியேல்லையே ஐயா” என்றார். “இன்னும் கொஞ்சம் குடியுங்கோவன்.”